பதில்: விளிம்பு கோணலாக இருக்கும் சவோய் நாணயம் போலியா?

விளிம்பு வட்டமாக இல்லை, எழுத்து பாதி வெளியே போய்விட்டது, அதனால் போலியோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோணலை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். இரண்டு அச்சுகளுக்கு நடுவே தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்த காசு. கை கொஞ்சம் நகர்ந்தாலே எழுத்து ஓடிவிடும். போலிக்கு ஓரத்தைப் பாருங்கள்: சுற்றிலும் வார்ப்புக் கோடு, முகத்தில் பொடிப்பொடிக் குழிகள் இருந்தால்தான் கவலை.

படத்தில் 'எம் ஃபிலிப்', 'டக்ஸ் சப்' என்று தெரிகிறது. இமானுவேல் ஃபிலிபெர்ட், இன்றைய பிரான்ஸ்-இத்தாலி எல்லைப் பகுதியில் இருந்த சவோய் நாட்டின் கோமகன். 1536-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த நாடு 1559 உடன்படிக்கையில்தான் இவர் கைக்குத் திரும்பியது. 1562-ல் 20 சோல்டோ (உங்களிடம் இருப்பது போன்ற சில்லறைக் காசு) ஒரு லிரா என்று கணக்கை ஒழுங்கு செய்தார். பின்புறச் சிலுவையின் முனைகள் மூவிலை போல விரிகின்றன பாருங்கள், அது புனித மொரீஸ் சிலுவை. அந்தப் புனிதர் பெயரிலான மொரீஸ் வீரர் சபையும் லாசரஸ் வீரர் சபையும் இணைந்தது 1572-ல், இவர் இறந்தது 1580-ல். உங்கள் சோல்டோ அந்த எட்டு வருடத்துக்குள் அடித்ததாக இருக்கும் என்பது என் கணிப்பு.

அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! செம்பு கலந்த மட்ட வெள்ளி. மேலே இருக்கும் மெல்லிய வெண்பூச்சு போனால் திரும்ப வராது.