கச்சேரி ரத்து, காசு எங்கே?

கேள்வி: நானும் தங்கச்சியும் ஆளுக்கு 3,000 ரூபாய் கொடுத்து இசைவிழா டிக்கெட் எடுத்தோம். மழை என்று ரத்து செய்துவிட்டு, இப்போது 'நோ ரீஃபண்ட்' என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறோம் என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: அதெப்படி? நீங்கள் போகாமல் விட்டால் அந்த வரியைக் காட்டலாம், நிகழ்ச்சியே நடக்காதபோது என்ன நியாயம்! 2023 செப்டம்பரில் சென்னையில் நடந்த ரஹ்மான் கச்சேரியில் டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாதவர்களிடம் குறையோடு டிக்கெட் நகலையும் மெயிலில் அனுப்பும்படி ரஹ்மானே சொன்னது ஞாபகம் இருக்கும். அதனால் டிக்கெட், ரத்து அறிவிப்பு, பணம் கட்டிய எஸ்எம்எஸ் எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடுங்கள், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைன் புக்கிங்குக்காக டிக்கெட் விலைக்கு மேல் வாங்கும் கன்வீனியன்ஸ் ஃபீஸையும் சேர்த்தே கேளுங்கள், அதைத்தான் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்வார்கள்.