ரங்கூன் அலமாரி, சிலோன் பீரோ: பூர்வீக மரச்சாமான் கேள்வி பதில்

கீழக்கரை முதல் தொண்டி வரை, இந்தக் கடற்கரையில் பழைய வீட்டு உள்ளறைகளில் ஆளுயர மர அலமாரி ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். பங்கு பிரிக்கும்போதோ வீட்டை இடித்துக் கட்டும்போதோதான் அது என்ன மரம், எந்தக் காலத்தது, என்ன பெறும் என்ற பேச்சு வரும். பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: விலை தெரியும்வரை பாலிஷ் போடாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள், ஒரு கைப்பிடியைக்கூட மாற்றாதீர்கள்.

கீழக்கரை: காக்கா, உம்மாவோட வாப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது என்று வீட்டில் சொல்வார்கள். மூன்று கதவு, நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. அசல் பர்மாத் தேக்குதானா?

தங்கச்சி, முன்பக்கத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கீழ் இழுப்பறையை முழுசாக வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். பாலிஷ் படாத மரம் அங்கேதான் கிடைக்கும். தேக்கு என்றால் பொன் கலந்த பழுப்பாக இருக்கும், வருஷம் ஆக ஆகக் கறுத்திருக்கும். விரலால் தேய்த்தால் லேசாக எண்ணெய்ப் பசை தட்டும். உளியால் சிறு சீவல் எடுத்து முகர்ந்தால் தோல் வாடை வரும். பலகையின் வெட்டு முனையில் ஊசித்துளைகள் வளைய வளையமாக வரிசை கட்டியிருக்கும். இவ்வளவும் சேர்ந்தால் தேக்கு.

ஆனால் அது பர்மாத் தேக்கா, கேரளத்து நிலம்பூர்த் தேக்கா என்று கண்ணால் பார்த்தே அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். பர்மா மரம் தடியாகவும் பலகையாகவும் கப்பலில் வந்து இறங்கி, இங்குள்ள ஆசாரிகள் கையில் அலமாரி ஆனதும் உண்டு. மரம் பர்மா என்பதால் அலமாரியும் ரங்கூனில் செய்தது என்று ஆகிவிடாது.

காலத்தைக் கண்டுபிடிக்க இழுப்பறையின் மூலையைப் பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் புறாவால் பூட்டில், அதாவது புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இணைப்பில், சேர்ந்திருக்கும். கையால் வெட்டிய பூட்டு என்றால் பல்லுக்குப் பல் அகலம் கொஞ்சம் மாறும், ஆசாரி அளவுக்குக் கீறிய கோடு இன்னும் தெரியும். எல்லாப் பல்லும் ஒரே அச்சாக இருந்தால் இயந்திரம் வெட்டியது. அப்புறம் திருகாணி. தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் பழையதாக இருக்கலாம். கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களில் அமெரிக்காவில் வந்தது, நம் பக்கம் புழங்கியது அதற்கும் பின்னால். அது இருக்கிற இடத்தில் பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதுகுப் பலகையில் வளைந்த அறுப்புத் தடம் இருந்தால் இயந்திர ரம்பம் அறுத்தது, அதனால் புதுசு என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். அது தப்பு. ரங்கூனில் 19ஆம் நூற்றாண்டிலேயே நீராவி மர அறுவை ஆலைகள் ஓடின. தடம் வளைந்திருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் கதவின் நடுப்பலகையில் இருக்கிறது. சட்டத்துக்குள் செருகிய பலகை நாள்பட்டால் குறுக்குவாட்டில் சுருங்கும். அப்போது ஓரத்தில் பாலிஷ் ஏறாத மரம் நூல் போல ஒரு வெளிர் கோடாக எட்டிப் பார்க்கும். பழசு போலச் செய்து விற்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

பாம்பன்: அண்ணே, கண்ணாடி முழுக்கக் கறுப்புப் புள்ளி. பெல்ஜியம் கண்ணாடி என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள் தம்பி. உப்புக் காற்றும் ஈரமும் பின்பக்க வெள்ளிப் பூச்சில் ஏறினால் இப்படித்தான் ஆகும். விஷயம் தெரிந்து வாங்குகிறவர் அந்தப் புள்ளிகளுக்காகக் காசைக் குறைக்க மாட்டார், புதுக்கண்ணாடியைப் பார்த்தால்தான் குறைப்பார். பெல்ஜியமா இல்லையா என்பதை வாய்வார்த்தையில் நிரூபிக்க முடியாது. ஓரம் சரிவாகப் பட்டை தீட்டியிருக்கிறதா, அந்தச் சரிவு விரலுக்கு மெதுவாக இறங்குகிறதா என்று பாருங்கள்.

கண்ணாடிக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஆட்டம் தெரியாமலிருக்கச் செய்தித்தாளை மடித்துச் செருகுவது வழக்கம். ஆசாரியை வைத்து மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். தினமணி என்றால் 1934க்கு முன் செருகியிருக்க முடியாது, தினத்தந்தி என்றால் 1942க்கு முன் முடியாது. அலமாரி அதைவிடப் பழசாக இருக்கலாம், ஆனால் அந்தக் கண்ணாடி கடைசியாக எப்போது பொருத்தப்பட்டது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. அதை அப்படியே திரும்ப வையுங்கள்.

தங்கச்சிமடம்: தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தார். அங்கிருந்து வந்த பீரோ. மஞ்சள் மரம். என்ன மரமாக இருக்கும்?

1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு சிலோன் சாமான் இந்தப் பக்கம் வருவது சுலபமாயிற்று. மஞ்சள் என்றால் முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு: பலா, முதிரை. முதிரையை நம் பக்கம் பொரசு என்பார்கள். இழுப்பறையைக் கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். முதிரை நல்ல கனம், வெளிச்சத்தில் சாய்த்தால் பட்டு மாதிரி மின்னும். பலா கனம் குறைவு, மஞ்சள் நாளாக நாளாகச் செம்பழுப்பாக மாறும். முதிரையாக இருந்தால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பழைய கப்பல் சீட்டு, கொழும்புக் கடை ரசீது, அந்த பீரோ பின்னால் தெரிகிற கல்யாணப் போட்டோ எது கிடைத்தாலும் அதோடு சேர்த்து வையுங்கள். காகிதம் இருக்கிற பொருளுக்கு மதிப்பு வேறு.

தேவிபட்டினம்: தேடி வந்த வியாபாரி எட்டாயிரம் தருகிறேன் என்கிறார். இரண்டு கதவுத் தேக்கு அலமாரி. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதலில் மரத்தை அளந்து பாருங்கள். நீளத்தை அடியிலும் அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 20 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் உள்ள பக்கப்பலகை ஒன்று 0.83 கன அடி. இரண்டு பக்கமும் சேர்ந்து 1.66. இப்படியே கதவு, தட்டு, முதுகு, சட்டம், கால் எல்லாவற்றையும் கூட்டுங்கள். மொத்தம் 8 கன அடி வருகிறது என்று வையுங்கள். அவர் சொன்ன விலை கன அடிக்கு ஆயிரம் ரூபாய். அந்த விலைக்கு நல்ல தேக்கை எந்த மரவாடியில் தருகிறார்கள்? உங்கள் ஊர் மரவாடியில் இன்றைய விலையைக் கேட்டுப் பெருக்கினால் அதுதான் அடிமட்டம். வேலைப்பாடு, வயது, அசல் பூட்டு, கண்ணாடி எல்லாம் அதற்கு மேல்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். ஆனால் கடையில் சொல்கிற விலை அப்படியே உங்கள் கைக்கு வராது. வண்டிக் கூலி, பழுது, வாடகை, வாங்க ஆள் வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் ஆள் சொன்ன தொகையை அடுத்தவரிடம் சொல்லாதீர்கள்.

பெரியபட்டினம்: பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறது. காஸ்டிக் சோடா போட்டால் போய்விடும் என்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம். பெயிண்ட்டோடு மரத்தின் நிறமும் போகும், தேக்கு கறுத்துவிடும், இணைப்புகளில் போட்ட பசையும் விட்டுப்போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஆபத்து. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் குழந்தைகள் இருக்கிற வீட்டில் பறக்கக் கூடாது. கதவின் உள்பக்கம் பெயிண்ட் படாத இடத்தில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுத்துப் பழுப்பு நிறம் பஞ்சில் ஏறினால் அது பழைய அரக்கு பாலிஷ். பச்சைக்கு அடியிலும் அது இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் கைதேர்ந்தவரிடம் விடுங்கள்.

மண்டபம்: எங்களுடையது கோத்ரெஜ் இரும்பு பீரோ. அதற்கு மதிப்பு உண்டா?

அந்த கம்பெனி 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. பழைய பெயர்த்தகடும் சாவியும் இருந்து, அடித்தகடு துருப்பிடிக்காமல் இருந்தால் தேடுகிறவர்கள் உண்டு. துரு தின்றிருந்தால் இரும்பு விலைதான். வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்துவது மேல்.

தொண்டி: அண்ணன் சிங்கப்பூருக்கு எடுத்துப்போக ஆசைப்படுகிறார். நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் கணக்கில் வந்துவிடும். தனியாள் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நூறுக்கு உட்பட்டது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்பலாம். ஈட்டி மரமாக இருந்தால் இன்னொரு கட்டும் உண்டு: 2017 முதல் அந்த இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதற்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். கப்பல் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

ராமநாதபுரம்: மூன்று பேருக்குப் பங்கு. ஒருத்தி அலமாரியை எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். என்ன விலை வைப்பது?

இன்று விற்றால் கையில் என்ன வருமோ அதை வையுங்கள். கடை விலையை வைத்தால் எடுக்கிறவருக்கு நஷ்டம், மர விலையை மட்டும் வைத்தால் மற்ற இருவருக்கு நஷ்டம். நகை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் அதே கணக்கையே பிடியுங்கள். கதவை ஒருவர், கண்ணாடியை ஒருவர் என்று பிரித்துக்கொண்ட வீடுகளைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறேன். அப்படிப் பிரித்தால் மூன்றுமே விறகு விலைக்குத்தான் போகும்.

ஏர்வாடி: அடித்தட்டில் குண்டூசித் துளைகள். மாவு கொட்டுகிறது.

துளை இருக்கிற பலகை வெளிர் நிறமா என்று பாருங்கள். தேக்கின் வைரத்தை, அதாவது முற்றிய நடு மரத்தை, பூச்சி சுலபத்தில் தொடாது, ஓரத்து வெள்ளை மரத்தைத்தான் தின்னும். அல்லது அந்தத் தட்டு மட்டும் பிறகு போட்ட வேறு மரமாக இருக்கலாம். மாவைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத்துணி விரித்து வையுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி கொட்டியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, துளைகளில் மருந்து செலுத்த வேண்டும். கொட்டவில்லை என்றால் பழைய சேதம், விட்டுவிடுங்கள். அதுவரை அதை மற்ற மரச்சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள்.