அடுத்தடுத்த படங்களிலிருந்து பொருள்களின் நகர்வைக் கணினி எவ்வாறு மதிப்பிடுகிறது?

காணொளி என்பது பெரும்பாலும் நொடிக்கு 25 அல்லது 30 என எடுக்கப்பட்ட நிலைப்படங்களின் வரிசை. ஒரு படத்தில் ஓரிடத்தில் இருந்த புள்ளி, அடுத்த படத்தில் எந்தத் திசையில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்கிடுவதே நகர்வு மதிப்பீடு.

மிகக் குறுகிய இடைவெளியில் புள்ளியின் ஒளிர்வு மாறுவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது என்பதே இதன் அடிப்படை அனுமானம். ஆயினும் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு சமன்பாட்டைத்தான் தருகிறது. அறிய வேண்டியவையோ கிடைவாக்கு நகர்வு, செங்குத்து நகர்வு என இரண்டு. எனவே ஒரு புள்ளியை மட்டும் கொண்டு இரண்டையும் கண்டறிய முடியாது.

ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் தேரின் வடத்தை, ரதவீதி வீடொன்றின் கதவிலுள்ள சிறு துளை வழியாகச் சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பதாகக் கொள்வோம். வடம் எங்கும் ஒரே தோற்றமுடையது என்பதால், நீளவாக்கில் இழுபடும்போதும் அது நிற்பதுபோலவே தெரியும். மேலெழும்பினால் மட்டும் உடனே புலப்படும். வடத்தைப் பற்றிய ஒரு கை துளையைக் கடக்கும்போதுதான் உண்மையான திசை விளங்கும். கணினியும் அதனால்தான் மூலைகளையும் தெளிவான வேறுபாடுள்ள பகுதிகளையும் பெரிதும் நம்புகிறது.

இச்சிக்கலுக்கு 1981இல் இரு தீர்வுகள் வெளிவந்தன. ஆய்வாளர்களான லூகாஸும் கனாடேயும் அண்டைப் புள்ளிகள் ஒன்றாகவே நகர்கின்றன என்று கொண்டனர். வேறு இரு ஆய்வாளர்களான ஹார்னும் ஷங்க்கும் நகர்வு படம் முழுவதும் சீராக மாறுகிறது என்று கொண்டனர். பின்வந்த முறைகள் பலவற்றில் இவ்விரு கருத்துகளின் தடத்தைக் காணலாம்.

கணினி பொருளை அடையாளம் கண்டு பின்தொடர்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். இம்முறைகள் அளப்பது ஒளிர்வின் இடமாற்றத்தை மட்டுமே என்பதால், அசையாத சுவர்மேல் ஊரும் நிழலும் அவற்றுக்கு நகர்வாகவே படும்.