மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம்... இன்னும் நாள் தள்ளவில்லை!

கேள்வி: எனக்கு வயது 27. இரண்டு வருடம் மாலா-டி கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன். குழந்தை வேண்டும் என்று நிறுத்தி மூன்று மாதமாகிறது. மாத்திரை சாப்பிட்டவரை 28 நாளுக்கு ஒருமுறை டாண் என்று வந்த மாதவிலக்கு, இப்போது 35, 36 நாள் ஆகிறது. 'மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டது' என்கிறார் மாமியார். உண்மையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்மையில்லை. அந்த மாத்திரையில் உள்ள ஹார்மோன்கள் நிறுத்திய சில நாட்களிலேயே உடலைவிட்டுப் போய்விடும். மூன்று மாதம் என்பது தாமதமும் அல்ல.

உங்கள் மாலா-டி அட்டையை நினைத்துப் பாருங்கள். வெள்ளை மாத்திரை 21, பழுப்பு மாத்திரை 7. வெள்ளையில்தான் ஹார்மோன். பழுப்பு வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் ஹார்மோன் குறைவதால் ரத்தப்போக்கு வரும். ஆக, 28 நாள் கணக்கு அட்டையுடையது, உங்கள் உடலுடையது அல்ல. மாத்திரைக்கு முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது? அப்போதும் 35 என்றால், பழைய கணக்குக்குத் திரும்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அப்போதே 45, 60 நாள் தள்ளிப்போயிருந்தால் சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓடி) அல்லது தைராய்டு பிரச்னை இருக்கலாம். மாத்திரை அதை உண்டாக்கவில்லை, வெளியே தெரியாமல் வைத்திருந்தது.

பலரும் தவறவிடுவது நாள் கணக்கைத்தான். '14-ம் நாள் கருமுட்டை வெடிக்கும்' என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெடிக்கும் என்பதே சரியான கணக்கு. உங்களுக்கு அது 21, 22-ம் நாள். முட்டைக்கு ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். எனவே 16-ம் நாளிலிருந்து 24 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள். வெள்ளைப்படுதலையும் கவனியுங்கள்: முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, இரு விரலுக்கு நடுவே அறுபடாமல் இழுபட்டால் நாள் நெருங்கிவிட்டது. முட்டை வெடிக்கும் நாள் நெருங்குவதைச் சிறுநீரில் காட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பில் பார்ப்பதானால் 17-ம் நாள் தொடங்குங்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்து, கோடு மங்கலாகத் தெரியும். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு முட்டை வெடிக்காமலே கோடு அழுத்தமாக விழுவதுண்டு.

ஃபோலிக் அமிலத்தை இன்றே தொடங்குங்கள், தினம் 400 மைக்ரோகிராம். கருவின் மூளை, முதுகுத்தண்டுக் குழாய் முதல் நான்கு வாரத்தில் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்தபின் தொடங்கினால் காலம் கடந்துவிடும். கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை போன்றவை இருந்தால்தான் பொதுவாக அந்த அளவு தேவை. எனவே அளவைக் கேட்டு வாங்குங்கள்.

35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் முயன்றபின் டாக்டரைப் பார்த்தால் போதும். 35 தாண்டினால் ஆறு மாதம். ஆனால் மூன்று மாதம் மாதவிலக்கே வராமல், சிறுநீர்ப் பரிசோதனையிலும் கர்ப்பம் இல்லை என்று வந்தால் காத்திருக்காதீர்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), ஸ்கேன் பார்க்க வேண்டும். போகும்போது கணவரையும் அழைத்துப்போங்கள். விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கும் விந்துப் பரிசோதனை எளிது, வலியில்லாதது. அதைச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது நியாயமே இல்லை.

கேள்வி: நான் போட்டது அந்தரா கருத்தடை ஊசி. எனக்கும் இதே கணக்குதானா?
- வாசகி, அரியலூர்

பதில்: இல்லை. மூன்று மாத ஊசி உடலிலிருந்து மெதுவாகத்தான் கரையும். கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் கழித்தே பெரும்பாலும் கரு தங்கும். அதை வேகப்படுத்த மருந்து கிடையாது. நடுவில் மாதவிலக்கு வராமலே கருத்தரிக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே மசக்கை போலத் தோன்றினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.