தடுப்புச்சுவரும் அதன் பின்னால் தேங்கும் நீரும்: கேள்வி பதில்

கேள்வி (குன்னூர்): வணக்கம் ஐயா. மலையை வெட்டிய இடத்தில், வீட்டின் பின்புறம், 3 மீட்டர் உயரத்தில் கருங்கல் சுவர் உள்ளது. சென்ற மழைக்காலத்தில் அதன் நடுப்பகுதி முன்னோக்கிப் புடைத்துவிட்டது. முன்னால் இன்னொரு சுவரை ஒட்டிக் கட்டினால் போதும் என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வது சரியா?

பதில்: ஒட்டுச்சுவரை இப்போது எழுப்ப வேண்டாம். உங்கள் சுவரின் சுமையை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். கன மீட்டருக்கு 1.8 டன் எடையும் 30 பாகை உராய்வுக் கோணமும் (மண் துகள்கள் சறுக்காமல் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் திறனின் அளவு) உள்ள மண் நன்றாக வடிந்த நிலையில் இருந்தால், 3 மீட்டர் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 2.7 டன் விசையுடன் தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை நீர் தேங்கினால், மிதப்பின் காரணமாக மண்ணின் பங்கு 1.5 டன்னாகக் குறைந்தாலும், நீர் மட்டுமே 4.5 டன் தள்ளுவதால் மொத்த விசை 6 டன் ஆகிவிடுகிறது. பத்து ஆண்டுகள் அசையாமல் நின்ற சுவர் ஒரே இரவு மழையில் சாய்வதற்கு இந்த இரண்டு மடங்குக்கும் மேலான வேறுபாடே பெரும்பாலும் காரணம். முன்னால் ஒட்டிக் கட்டும் சுவர், பழைய சுவரில் இருக்கும் வடிதுளைகளையும் அடைத்து, அந்த நீரை உள்ளேயே சிறைப்படுத்திவிடும்.

முதலில் சுவருக்கு மேலே இருப்பவற்றைப் பாருங்கள். மேல் வீட்டின் கழிவுநீர்க் குழி, ஓடாமல் தேங்கும் வாய்க்கால், கூரைநீர் நேராக மண்ணில் விழும் இடம் ஆகியவற்றைச் சரிசெய்து, சரிவின் தலையில் சிமென்ட் பூசிய வாய்க்கால் ஒன்றை அமையுங்கள். புடைத்த கட்டுமானத்தில் சாந்துப் பிணைப்பு விட்டுப்போயிருக்கும் என்பதால், அந்தப் பகுதியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். அதையும் கோடையில், பொறியாளரின் மேற்பார்வையில், ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறு நீளங்களில் செய்ய வேண்டுமே தவிர, முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. அதுவரை மழை நாட்களில் சுவரை ஒட்டிய அறையில் யாரும் உறங்க வேண்டாம் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் சுவரில் குழாய்கள் வைத்துள்ளோம். பெருமழையிலும் ஒரு சொட்டு நீர் வரவில்லை. மண் உலர்ந்திருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: அப்படிக் கொள்ள வேண்டாம். குழாயின் பின்முனை களிமண்ணால் அடைபட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். குழாய் மட்டும் வடிகால் ஆகாது. சுவரின் பின்புறம் முழு உயரத்துக்கும் சுமார் 30 சென்டிமீட்டர் கனத்தில் ஜல்லி நிரப்பி, மண் புகாதபடி ஜியோடெக்ஸ்டைல் துணியால் சுற்றி, அடியில் துளையிட்ட குழாய் ஒன்றால் நீரைச் சுவருக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும். குழாயில் கலங்கிய நீர் வந்தால், அது சுவரின் பின்னிருக்கும் மண் அரித்துப் போவதன் அறிகுறி.

கேள்வி (மேட்டுப்பாளையம்): பக்கத்து மனையைவிட என் மனை 2 மீட்டர் உயரம். மதில் சுவரையே மண்ணைத் தாங்க விடலாமா?

பதில்: கூடாது. மதில் என்பது தன் எடையையும் காற்றையும் மட்டும் தாங்குவதற்காகக் கட்டப்படுவது. மண்ணைத் தாங்கும் சுவருக்கு, உயரத்தில் ஏறத்தாழ பாதி முதல் முக்கால் வரை அடித்தள அகலம் தேவைப்படும். 2019 டிசம்பர் 2 அன்று உங்கள் ஊரை அடுத்த நடூரில், மழையில் உயரமான மதில் கீழிருந்த வீடுகளின் மீது விழுந்து 17 பேர் இறந்தனர். கீழே மனிதர்கள் வாழும் இடத்தில் எழும் எந்தச் சுவரும் கணக்கிட்டுத்தான் கட்டப்பட வேண்டும்.

கேள்வி (பொறியியல் மாணவி, கோவை): மேம்பால அணுகுசாலையில் 18 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் பலகைகள் எட்டு மீட்டர் மண்ணை எப்படித் தாங்குகின்றன?

பதில்: அவை தாங்குவதில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விதால் 1960களில் உருவாக்கிய முறையில், மண்ணின் அடுக்குகளுக்கு இடையே பரப்பப்படும் எஃகுப் பட்டைகளோ ஜியோகிரிட் வலைகளோ உராய்வின் மூலம் மண்ணைப் பிணைப்பதால், மண்ணே ஒரு கனத்த சுவராக நிற்கிறது. முகப்புப் பலகை மண் உதிராமல் காக்கிறது. பட்டையின் நீளம் பொதுவாக உயரத்தில் 0.7 பங்குக்குக் குறையக் கூடாது. உராய்வுதான் உயிர் என்பதால், நிரப்பு மண்ணில் 75 மைக்ரான் சல்லடையைக் கடக்கும் நுண்துகள் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். முகப்பிலிருந்து 1.5 மீட்டருக்குள் கனரக ரோலர் போகக் கூடாது. போனால் பலகைகள் வெளியே தள்ளப்படும். கணக்குப் பிழையைவிட, கிடைத்த மண்ணைக் கொட்டி நிரப்புவதே இத்தகைய சுவர்களுக்குப் பெரிய பகை என்பது என் கருத்து.

கேள்வி (கொடைக்கானல்): வெட்டிவேர் நட்டால் போதுமா?

பதில்: மேல்மண் அரிப்பைத் தடுக்க மிக நல்லது. வேர் எட்டாத ஆழத்தில் வழுக்கும் சரிவுக்குப் போதாது. அங்கே துளையிட்டு எஃகுக் கம்பி செருகிச் சிமென்ட் கூழ் நிரப்பும் சாயில் நெயிலிங் முறை தேவைப்படலாம். நீலகிரி மலைச்சாலைகளில் அதைக் காணலாம்.

கேள்வி (ஏற்காடு): வெட்டியெடுத்த செம்மண்ணையே சரிவின் முன்புறம் கொட்டிச் சமப்படுத்தி, வீட்டைப் பாதி வெட்டிலும் பாதி நிரப்பிலும் கட்டலாமா?

பதில்: கொட்டிய மண் தாழும், வெட்டிய தரை தாழாது. ஆகவே இரண்டும் சேரும் கோட்டில் சுவர்கள் விரிசல் விடும். முடிந்தவரை முழு வீட்டையும் வெட்டிய தரையிலேயே அமையுங்கள். நிரப்பியே ஆக வேண்டுமெனில், புல்லையும் மேல்மண்ணையும் நீக்கி, சரிவைப் படிகளாக வெட்டி, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக ஈரம் பார்த்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். அப்போதும் தூண்களின் அடித்தளத்தை நிரப்பைக் கடந்து, அசல் தரைக்குள் இறக்க வேண்டும்.