இலவச ஸ்கேன் என்று வருகிறவரிடம் பீரோ சாவியைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். தமிழாசிரியராக இருந்த அப்பா விட்டுப்போன புத்தகங்கள் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் இலவசமாக ஸ்கேன் செய்து பென் டிரைவில் தருகிறேன், புத்தகங்களை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்கிறார். இனிமேல் எல்லாரும் போனில்தானே படிக்கப்போகிறார்கள், கொடுத்துவிடு என்கிறான் மகன். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஒழுங்காக ஸ்கேன் செய்வது இடுப்பு ஒடிகிற வேலை, அதைக் கூலி வாங்காமல் ஒருவர் செய்கிறார் என்றால் அவருக்குக் கூலி உங்கள் பீரோவுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். பழைய பதிப்புகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை உண்டு. அவற்றைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, மீதியின் முதுகை கட்டிங் மெஷினில் வெட்டி, தாள் தாளாக மெஷினில் விடுவார்கள், அப்புறம் எடைக்குப் போய்விடும். உங்கள் கைக்கு வருவது பாதிப் பக்கம் சாய்ந்து, ஓர எழுத்து அறுபட்ட ஒரு பிடிஎஃப். பென் டிரைவும் சில வருஷம் சும்மா கிடந்தால் திறக்காமல் போகலாம்.

மகன் சொல்வதும் முழுக்கத் தப்பில்லை. எழுத்தைப் பெரிதாக்கலாம், பஸ்ஸிலும் படிக்கலாம். சங்க இலக்கியமும் குறளும், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் ஏராளம். அவற்றை நீங்கள் ஸ்கேன் செய்யவே வேண்டாம். ஆனால் காசு கொடுத்து வாங்கும் மின்னூல் பெரும்பாலும் உங்கள் சொத்து ஆகாது, படிக்க அனுமதி, அவ்வளவுதான். 2009-ல் அமேசான், வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவிக்குள்ளேயே புகுந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அழித்தது (பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி). 2019-ல் மைக்ரோசாஃப்ட் மின்னூல் கடையையே மூடியது, விற்ற புத்தகங்களும் கூடவே போயின. அப்பா உங்களுக்கு விட்டுப்போன மாதிரி நீங்கள் பேரனுக்கு விட்டுப்போக முடியாது.

கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டியது ஒரு வகை இருக்கிறது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருப்பார்களே, அது. அப்பா வைத்திருந்தால் அதை முதலில் எடுங்கள், இலவச ஸ்கேன் என்று வந்தவரும் அதைத்தான் முதலில் எடுப்பார். கதை பின்னால் புத்தகமாக வந்திருக்கும், ஆனால் வாராவாரம் வந்த படங்கள் பலவும் அதில் இருக்காது, பின்பக்கத்து சோப்பு விளம்பரமும் இருக்காது. அது நியூஸ்பிரிண்ட், மரக்கூழ்க் காகிதம், தானாகவே பழுத்து உதிரும், வேலூர்ப் பக்கத்து வெயிலில் தகர பீரோ அடுப்பாகிவிடுவதால் இன்னும் சீக்கிரம் உதிரும். அதனால் நீங்களே படம் எடுங்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம், இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் புத்தகத்தைப் பாதி மட்டும் விரித்து, அடியில் கறுப்புத் தாள் செருகி, ஃப்ளாஷ் இல்லாமல் போனில் எடுத்தால் போதும். கடைக்காரரிடம் செய்தால் 300 டிபிஐக்குக் (ஸ்கேனின் துல்லிய அளவு) குறையாமல், கலரில், வெட்டாமல் செய்யச் சொல்லுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், அந்தப் பசை காகிதத்தைத் தின்றுவிடும். ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள். உங்களுக்காக எடுப்பதில் பிரச்சினை இல்லை, டெலிகிராமில் போடாதீர்கள்: எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரை காப்புரிமை உண்டு.

நூலகத்துக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். சொத்து வரியோடு நூலக வரியையும் நம்மிடம் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் பழைய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனால் கடிதம் எழுதிக் கொடுங்கள், மேலிடத்தில் கேட்கிறோம் என்பார்கள். நான் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அரிய பதிப்பு என்று தோன்றினால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குத் தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் எழுதி ஒரு பட்டியல் அனுப்புங்கள், முதல் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

பழைய கைடுகளையும் பரீட்சைப் புத்தகங்களையும் தாராளமாக எடைக்குப் போடுங்கள். அந்த ஆள் மறுபடி வந்தால், ஸ்கேனரை எடுத்துக்கொண்டு உங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து செய்யட்டும், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி தருகிறேன், புத்தகம் வெளியே போகாது என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக அப்புறம் வரமாட்டார்.