பழைய எக்ஸ்கவேட்டரில் மூன்று எஞ்சின் சென்சர் கோட் ஒன்றாக வருகிறது. மூன்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: யப்பானில் இருந்து இறக்கிய பழைய கொமாட்சு பிசி200-8. வன்னியில் மல்லாவிப் பக்கம் குளக்கட்டு வேலையில் நிற்கிறது. எஞ்சின் லைற் எரிகிறது, லோட் கொடுத்தால் இழுவை விழுகிறது, மொனிற்றரில் மூன்று சென்சர் கோட் (பழுதைக் காட்டும் எண்). பார்த்தவர் மூன்றையும் கொழும்பில் எடுத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறார்.

இப்போதைக்கு ஒன்றையும் வாங்காதீர்கள். நல்லாய் ஓடிக்கொண்டிருந்த மிஷினில் மூன்று சென்சர் ஒரே நாளில் பழுதாவது மிக அரிது. மூன்றுக்கும் பொதுவாக இருக்கும் ஒன்று கெட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

அந்தப் பொதுவானது பெரும்பாலும் 5 வோல்ற் சப்ளை. மிஷின் பற்றரி 24 வோல்ற் என்றாலும், பிரஷர் சென்சர்களுக்கு எஞ்சின் கொம்பியூட்டர் தனியாக 5 வோல்ற் அனுப்புகிறது. மூன்று வயர் உள்ள சென்சரில் ஒன்று இந்த 5 வோல்ற், ஒன்று ஏர்த், ஒன்று சிக்னல். ஒரே குழாயில் இருந்து பல வீட்டுக்குத் தண்ணீர் போவதுபோல ஒரே 5 வோல்ற் லைன் பல சென்சர்களுக்குப் போகும். ஒன்று உள்ளுக்குள் ஷோட் ஆனால் மற்றவற்றுக்கும் வோல்ற் விழும், எல்லாம் சேர்ந்து கோட் அடிக்கும். உங்கள் மூன்றோடு சிஏ187 அல்லது சிஏ352 இருக்கிறதா என்று பாருங்கள். கொமாட்சுவில் இவை இரண்டும் சென்சர் சப்ளை வோல்ற் குறைவு என்ற கோட்கள். இருந்தால் அதைத்தான் முதலில் துரத்த வேண்டும், மற்றவை அதன் பின்னால் வந்தவையாக இருக்கலாம்.

சோதிப்பது கஷ்டமில்லை. சாவியை ஒன் செய்யுங்கள், ஸ்ராட் பண்ண வேண்டாம். ஒரு சென்சர் பிளக்கைக் கழற்றி, வயர் பக்கத்தில் 5 வோல்ற் பின்னுக்கும் (பிளக்குக்குள் இருக்கும் ஊசி) ஏர்த் பின்னுக்கும் இடையில் மல்டிமீற்றரை வையுங்கள். 4.75 முதல் 5.25 வரை காட்டினால் சரி. இரண்டு, மூன்று வோல்ற் என்று காட்டினால் மீற்றரை அங்கேயே வைத்துக்கொண்டு, அதே லைனில் உள்ள மற்றச் சென்சர்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ற் எழும்புகிறதோ, பழுது அந்தச் சென்சரில். எல்லாவற்றையும் கழற்றியும் எழும்பவில்லை என்றால் பெரும்பாலும் வயர் எங்கோ மிஷின் பொடியில், அதாவது இரும்பு உடலில், தொடுகிறது. ஹார்னஸ் (வயர்க்கட்டு) எஞ்சின் பிளொக்கிலும் பிராக்கற்றிலும் உரசும் இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள். வயரைக் குத்தி அளக்க வேண்டாம். அந்தத் துளையால் தண்ணீர் போய் அடுத்த மாரியில் உள்ளே பச்சை பிடித்துவிடும்.

கோட் ஒரு சாமானின் பெயரைச் சொன்னாலும் அது காட்டுவது அந்தச் சாமான், வயர், பிளக், ஏர்த் எல்லாம் சேர்ந்த முழுச் சுற்றை. "ஹை எரர்" என்று பார்த்துப் பயப்படும் ஆக்களும் நிறைய. சிஏ144 கூலன்ற் (எஞ்சினைக் குளிர்த்தும் தண்ணீர்) வெப்பநிலை சென்சர் ஹை எரர் வந்தால் எஞ்சின் கொதிக்கிறது என்று ரேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அங்கே "ஹை" என்பது சிக்னல் வோல்ற் கூடியதைக் குறிக்கிறது. வயர் அறுந்தாலோ பிளக் கழன்றாலோ அந்த வோல்ற் ஏறிவிடும். மற்றக் கொம்பனி மிஷின்கள் பலவற்றில் எஸ்பிஎன், எப்எம்ஐ என்று இரண்டு எண் வரும். முதலாவது எந்தச் சாமான் அல்லது அளவு என்பதையும் இரண்டாவது என்ன மாதிரிப் பழுது என்பதையும் சொல்லும். எப்எம்ஐ 3, 4, 5, 6 என்றால் வயரையும் சென்சரையும் பாருங்கள். 0 அல்லது 1 வந்தால் சென்சர் உண்மையைத்தான் சொல்லுகிறது. எஸ்பிஎன் 110 (கூலன்ற் வெப்பநிலை), எப்எம்ஐ 0 என்றால் எஞ்சின் நிஜமாகவே கொதிக்கிறது.

கூலன்ற் சென்சர் இரண்டு வயர்தான். பிளக்கைக் கழற்றினால் மொனிற்றரில் அளவு கடும் குளிருக்குப் போக வேண்டும் அல்லது ஹை கோட் வர வேண்டும். பிளக்கின் இரண்டு பின்னையும் சின்ன வயரால் இணைத்தால் கடும் சூட்டுக்கு ஓட வேண்டும் அல்லது லோ கோட் வர வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் கொம்பியூட்டரும் நல்லம், அப்போது சென்சரை மாற்றலாம். நடக்காவிட்டால் புதுச் சென்சர் பூட்டியும் பிரயோசனம் இல்லை.

இன்னொன்றை நான் எல்லா மிஷினுக்கும் செய்வேன். விடிய, எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது சாவியை மட்டும் ஒன் செய்து அளவுகளைப் பார்ப்பது. பிசி200-8 மொனிற்றரில் 4ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு 1, 2, 3 அடித்தால் சர்வீஸ் மெனு திறக்கும். கூலன்ற், இன்ரேக் காற்று இரண்டும் அந்த நேரத்து வெளி வெப்பத்தை ஒட்டியே காட்ட வேண்டும். ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரிந்துபோகும் தடித்த குழாய்) பிரஷர் பூச்சியத்துக்குக் கிட்ட நிற்க வேண்டும். எது கூட்டத்தில் சேராமல் நிற்கிறதோ அதில்தான் கை வைக்க வேண்டும். ஸ்கானர் இல்லாதவனுக்கும் இது பாதி வழியைக் காட்டிவிடும்.

வன்னியில் வயர் கெடுவதற்குக் காரணம் தேடத் தேவையில்லை. கோடையில் கிரவல் புழுதி பிளக்குக்குள் போகும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதே புழுதி ஈரம் பிடிக்கும். வயல்கரையில் நாட்கணக்காய் நிறுத்திய மிஷினில் எலி கூடு வைத்து ஹார்னஸைக் கடிக்கும். பிரஷர் ஹோசால் எஞ்சினைக் கழுவுவது இன்னொரு கேடு. எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது வெல்டிங். பக்கெற் பல் ஒட்டும்போது பற்றரி நெகற்றிவைக் கழற்றுங்கள், ஏர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்டுங்கள். கிளாம்பைச் செயினில் மாட்டிவிட்டு பக்கெற்றில் ஒட்டினால் கரன்ற் முழு மிஷினுக்குள்ளாலும் போய்த்தான் திரும்பும். கொம்பியூட்டர் போனால் அந்தச் செலவுக்கு முன் மூன்று சென்சர் ஒன்றுமே இல்லை.

இழுவை குறைவதை மட்டும் தனியாக யோசியுங்கள். கோட்களில் சிஏ559 இருந்தால் ரெயிலில் பிரஷர் ஏறவில்லை என்று அர்த்தம். அநேகமாக அது டீசல் பக்கத்துப் பிரச்சினை. காட்டு வேலைக்குப் பரலில் கொண்டுபோய் ஊற்றும் டீசலில் தண்ணீரும் துருவும் வரும். முதலில் வோட்டர் செப்பரேற்றரைத் திறந்து வடியுங்கள், பில்டர்களை மாற்றுங்கள், டீசல் ராங்கில் இருந்து வரும் லைனில் காற்று இழுக்கிறதா பாருங்கள். மண்ணெண்ணெய் கலந்தது என்று தெரிந்தால் ஊற்றவே வேண்டாம். கொமன் ரெயில் பம்புக்கு மசகு டீசல்தான். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பை யாரையும் இளக்க விடாதீர்கள். பழைய எஞ்சினில் அப்படிப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே பலர். இதில் பிரஷர் 1,000 பாருக்கு மேலும் ஏறும், தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பழைய மிஷின் என்பதால் கூலன்ற் சென்சர் பிளக்கையும் வடிவாகப் பாருங்கள். அலாரத்தை அடக்க முந்திய ஆக்கள் அதில் ஒரு ரெசிஸ்ரரை ஒட்டி விட்டிருக்கலாம். அப்படியென்றால் காலையிலும் மத்தியானமும் வெப்பநிலை ஒரே இடத்தில் நிற்கும்.

மூன்று கோட் எண்களையும், சாவி ஒன்னில் 5 வோல்ற் பின்னில் மீற்றர் காட்டிய அளவையும் கொமென்றில் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்தப் பிளக்கில் இருந்து தொடங்குவது என்று சொல்லுகிறேன்.